பிள்ளைகளின் வீடும் பள்ளியின் தரமும்

கேள்வி: எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பெரும்பாலோர் பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பலர் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறார்கள். மகளை அங்கே ஆறாம் வகுப்பில் சேர்த்தால் படிப்பு கெடுமா? – வாசகி, குடியாத்தம்

பதில்: கெடாது என்றே நம்புகிறேன். மாலையில் அம்மாவின் முறத்தருகே அமர்ந்து பீடிக்கு நூல் கட்டும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எழுத நேரம் கிடைக்காததால் மதிப்பெண் சரிகிறதே தவிர, அறிவுக் குறைவாலோ வீட்டு மொழியாலோ அல்ல; அப்படி எண்ணுவது அநியாயம். சேர்க்கும் முன் அங்குள்ள பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டி, பிழைகளை ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்றும் கேளுங்கள். அதில் தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும்.