சிசேரியன் ஆன மறுநாள் காபி குடிக்கலாமா, வயிறு இளகுமா?

குடிக்கலாம். ஆனால் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "பச்சை உடம்புக்காரிக்குக் காபி ஆகாது" என்று யாரோ ஃபிளாஸ்க்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

இரண்டாவது பிரசவம், மதுரையில். வியாழன் காலை ஆபரேஷன். வெள்ளி மதியம் வரை காற்றுகூடப் பிரியவில்லை. வயிறு ஆறு மாதம் போல உப்பிக் கிடந்தது. இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அமுக்கிக்கொண்டுதான் இருமுவேன். நர்ஸ் வரும்போதெல்லாம், சித்தப்பாவும் கொழுந்தனாரும் உட்கார்ந்திருக்கும்போதே, "கேஸ் போச்சாம்மா?" என்று சத்தமாகக் கேட்பார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரையை இழுத்துவிட்டுக் கேட்டால் என்ன?

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் நானே கேட்டேன். "இட்லி சாப்பிடுறீங்கல்ல, காபியும் குடிங்க. ஆனா எழுந்து நடக்கணும்" என்றார். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா அரை டம்ளர் காபியை ஆற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வராந்தாவில் இரண்டு நடை. முக்கால் மணி நேரத்தில் வயிற்றுக்குள் கடமுடவென்று உருண்டு, காற்று பிரிந்தது. மறுநாள் காலை முக்காமலே மலமும் போனது.

காபியால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன், நடந்ததும் காரணமாக இருக்கலாம். ஆனால் பாட்டி வைத்தியம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஜெர்மனியில் பெருங்குடல் ஆபரேஷன் ஆன 80 பேரை வைத்துச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். தினம் மூன்று வேளை காபி குடித்தவர்களுக்கு முதல் தடவை மலம் போக சராசரியாக 60 மணி நேரம், தண்ணீர் குடித்தவர்களுக்கு 74. அவர்களுக்குக் குடலையே வெட்டியிருந்தார்கள், நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. காபி பிடிக்காதென்றால் சூயிங்கம் மெல்லலாம், சிசேரியன் ஆனவர்களிடமே அதைச் சோதித்து, காற்று சீக்கிரம் பிரிந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

பால் கொடுப்பதால் நான் ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். வாந்தி வந்தாலோ, வயிறு கல் மாதிரி இறுகினாலோ காபியைத் தொடாதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்க்க வந்த ஒருவர், "ஆபரேஷன்தானே, நோகாம பெத்துட்ட" என்றார். 2019-21 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்தான். இத்தனை பேரும் நோகாமலா பெற்றோம்? முதல் தடவை கட்டிலிலிருந்து இறங்கிக் காலைத் தரையில் வைத்தபோது அடிவயிறு இழுத்த இழுப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் சும்மா விடாதீர்கள்.