ஸ்மூத்தி பவுல் தண்ணீராக ஓடுகிறதா? அதற்காகப் பவுடர் வாங்காதீர்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஜிம்முக்குப் போகிறான். சாக்லேட்டும் பீநட் பட்டரும் சேர்த்த ஸ்மூத்தி பவுல் வேண்டும் என்கிறான். 2 வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், ஐந்தாறு ஐஸ்கட்டி, 3 ஸ்பூன் டிரிங்கிங் சாக்லேட், 2 ஸ்பூன் பீநட் பட்டர் எல்லாம் போட்டு மிக்ஸியில் அடித்தேன். ஸ்பூனில் அள்ள முடியவில்லை, குடிக்கத்தான் முடிந்தது. ஜிம் பயிற்சியாளர் ஒரு டப்பா பவுடரைக் காட்டி, அதைச் சேர்த்தால் கெட்டியாகிவிடும் என்றாராம். விலையைக் கேட்டால் மயக்கமே வருகிறது. வாங்கத்தான் வேண்டுமா? எங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். முதலில் அந்தப் பணத்தைப் பத்திரமாக உள்ளே வையுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் போட்ட பொருள்களில் பெரிய தவறு இல்லை. பால் நாலு மடங்கு அதிகம், ஐஸ்கட்டி தேவையே இல்லை, பழம் உறையவில்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும். ஸ்மூத்தி பவுலைக் கெட்டியாக்குவது உறைந்த வாழைப்பழம். பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்றாலும், உறையும்போது அது பொடிப்பொடிப் பனியாகச் சதைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அரைத்தால் ஐஸ்கிரீம் மாதிரி வழுவழுப்பாக வரும். ஐஸ்கட்டி வெறும் தண்ணீர். அரைத்த ஐந்தாவது நிமிடம் உருகி, எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடும்.

மோரிஸ் பழம் இதற்கு நன்றாக அமையும். பூவனில் லேசான புளிப்பு சாக்லேட்டோடு மோதும். ரஸ்தாளி ருசிதான், ஆனால் சில பழங்களின் நடுவே கல் மாதிரி ஒரு கட்டி இருக்கும். அது எவ்வளவு அரைத்தாலும் மசியாது. தோல் மஞ்சளாகி அங்கங்கே கரும்புள்ளி விழுந்த பதத்தில் எடுங்கள். முழுக்கக் கறுத்த பழம் இனிப்பாக இருக்கும், ஆனால் சர்க்கரை ஏற ஏற உறைவது குறையும், கலவை இளகிப்போகும். விரல் தடிமனுக்கு நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இணையத்தில் செய்முறை சொல்பவர்கள் எல்லாரும் பெரிய டபுள் டோர் ஃப்ரிட்ஜை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அதன் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். சிங்கிள் டோரில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு கப் ஐஸ்கிரீமை இரவு உள்ளே வையுங்கள். காலையில் ஸ்பூன் சுலபமாக இறங்கினால் உங்கள் ஐஸ் பெட்டியின் குளிர் போதாது. அதற்காகப் புது ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை. முந்தைய நாளே உள்ளே படிந்த பனியை உருக்கித் துடைத்துவிடுங்கள். அந்தப் பனி கம்பளி போர்த்திய மாதிரி குளிரைத் தடுக்கும். குமிழைக் கூட்டி வையுங்கள். பழத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாமல் எவர்சில்வர் தட்டில், வழக்கத்தைவிட மெல்லிசாக நறுக்கிப் பரப்பி, தட்டு ஐஸ் பெட்டியின் தரையைத் தொடும்படி வையுங்கள். பாலையும் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தால் பாதிக் கவலை தீரும். மிக்ஸி ஜாரையும் சாப்பிடும் கிண்ணத்தையும் அரை மணி நேரம் உள்ளே வைத்தால் மீதிப் பாதியும் தீரும். இரவில் கரண்ட் போய்ப் பழம் இளகிவிட்டதா? அதை மறுபடி உறைய வைத்து ஸ்மூத்தி செய்யாதீர்கள். இரண்டாம் முறை உறையும் பழம் பெரிய பெரிய பனிக்கட்டியாக உறைந்து, அரைக்கும்போது தண்ணீர் விடும். கோதுமை மாவில் பிசைந்து இனிப்பு தோசை சுட்டுவிடுங்கள். பழம் பழுப்பாகிவிட்டதே என்று மட்டும் கவலைப்பட வேண்டாம், கோகோ நிறத்தில் அது தெரியவே தெரியாது.

அடுத்தது சாக்லேட். டிரிங்கிங் சாக்லேட் வேறு, கோகோ பவுடர் வேறு. டிரிங்கிங் சாக்லேட் டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் சர்க்கரை இருக்கும், கோகோ அதற்குப் பிறகுதான். அந்தச் சர்க்கரைதான் உங்கள் கலவையைச் சீக்கிரம் இளக்குகிறது. இனிப்பில்லாத கோகோ பவுடர் ஒன்றரை மேசைக்கரண்டி போதும். அது ஈரத்தை உறிஞ்சும், கெட்டிப்படுத்தவும் செய்யும். சமையல் சாக்லேட் என்று கட்டியாக விற்பதிலும் ஏமாறாதீர்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட், அதாவது நிஜ சாக்லேட் அல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள்ளேயே கோகோ விளைகிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்வரும் தூரத்தில் காய்க்கிற ஒரு பொருளை, அதன் சாயம் மட்டும் தெரிகிற சர்க்கரைப் பொடியாக வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த லேபிள் விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. உணவுப் பொட்டலத்தில் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. தமிழ் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. ஈரோட்டில் விற்கிற பொருளை ஈரோட்டில் இருக்கிற அம்மா படிக்க முடியாது. அதுவும் எறும்பு ஊர்கிற எழுத்தில். உணவு எவ்வளவு ஆரோக்கியமானது என்று காட்டும் நட்சத்திரக் குறியைப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் வரைவு வெளியிட்டது. வரைவு வரைவாகவே ஆண்டுக் கணக்கில் இழுபட்டது. முன்பக்கத்தில் மட்டும் பழப் படமும் தசைப் படமும் பளபளவென்று அச்சாகின்றன.

இப்போது அந்த ஜிம் டப்பா. நான் உணவுப் பதப்படுத்தும் தொழிலில் இருப்பவள். இப்படி வந்த டப்பாக்களைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி), சர்க்கரை, கோகோ, பிறகு 412 அல்லது 415 என்று ஓர் எண். 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின், 415 சாந்தன் பிசின். கெட்டியாக்குவது இந்தப் பிசின்தான். இரண்டும் விஷமல்ல, ஐஸ்கிரீமிலும் சாஸிலும் போடுகிறார்கள்தான். ஆனால் சிட்டிகை பிசினுக்கும் கைப்பிடிச் சர்க்கரைக்கும் ஆயிரக்கணக்கில் கொடுப்பது என்ன நியாயம்? பயிற்சியாளருக்குக் கமிஷன் உண்டா என்று உங்கள் மகனை நேராகவே கேட்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையன் மூன்று மாதம் குடித்த டப்பாவில் 14 இலக்க உரிம எண்ணே இல்லை. ஸ்டிக்கரைக் கிழித்தால் அடியில் வேறொரு ஸ்டிக்கர் இருந்தது. உரிம எண் இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். எண் இருந்தாலும் ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு, அது எந்தக் கம்பெனியுடையது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பீநட் பட்டரை வீட்டிலேயே செய்யலாம். உங்கள் பக்கம் கடலைக்காய்க்குப் பஞ்சமில்லை. கால் கிலோ பருப்பை மிதமான தீயில் வறுத்து, ஆறவைத்து, தோலைப் புடைத்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் பக்கத்தில் அப்பிக்கொள்ளும், மூன்று நான்கு முறை வழித்துவிட்டு ஓட்டினால் திடீரென்று எண்ணெய் விட்டு இளகும். அதுதான் பதம். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள், கலக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் பிரியவே பிரியாத கடைப் பாட்டிலில் அதைப் பிடித்து வைக்க ஒரு கொழுப்பு சேர்த்திருப்பார்கள். வறுப்பதற்கு முன் பருப்பைக் கையால் பார்த்துப் பொறுக்குவது மட்டும் கட்டாயம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாம் குப்பைக்கு. அதில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சை முதலில் கண்டுபிடித்தார்கள். தரம் பிரித்து ஒதுக்கிய கடலையை யாரும் மண்ணில் கொட்டிப் புதைப்பதில்லை. எடைக்குப் பாதி விலையில் கிடைக்கிற பீநட் பட்டரைப் பார்த்தால் எனக்கு அந்த மூட்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, செய்முறை. ஒருவருக்கு உறைந்த பழம் 2, பீநட் பட்டர் 2 மேசைக்கரண்டி, கோகோ ஒன்றரை, பால் 3 அல்லது 4 மேசைக்கரண்டி. டம்ளரை எடுக்கவே வேண்டாம். கோகோவையும் பீநட் பட்டரையும் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் சின்னக் கிண்ணத்திலேயே குழைத்துவிடுங்கள். நேராக ஜாரில் கொட்டினால் கோகோ கட்டி கட்டியாக நிற்கும். பழத்தை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, ஜாரின் அடியில் மீதிப் பாலும் குழைத்ததும், மேலே பழமும் போடுங்கள். பெரிய ஜார் வேண்டாம், சட்னி ஜார் போதும். பிளேடுக்கு எட்டாமல் பழம் மேலே நிற்கக் கூடாது.

தொடர்ந்து ஓட்டாமல், பல்ஸ் பக்கம் திருப்பி இரண்டு இரண்டு நொடியாக விடுங்கள். முதலில் உதிரி உதிரியாகப் புட்டு மாதிரி ஆகும். பிளேடு வெறும் காற்றில் சுற்றுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கை தானாகப் பாலுக்குப் போகும். ஸ்மூத்தி கெடுவது அந்த நொடியில்தான். பாலை ஊற்றாதீர்கள். நிறுத்தி, மூடியைத் திறந்து, மரக்கரண்டியால் கீழே தள்ளி, மறுபடி பல்ஸ். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் சத்தம் கனமாகி, கலவை ஒரே உருண்டையாகப் புரளும். ஜார் அடியில் சூடு தெரிந்தால் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். மோட்டார் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், ஆறிய பிறகு மிக்ஸிக்கு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும். இன்னும் கெட்டி வேண்டுமானால் துணியில் வடித்த தயிர் 2 ஸ்பூன், அல்லது பொடித்த ஓட்ஸ் ஒரு ஸ்பூன்.

மகனுக்குப் புரதம் போதுமா என்ற கவலை உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. 2 மேசைக்கரண்டி பீநட் பட்டரில் ஏறக்குறைய 7 கிராம் வரும், வடித்த தயிர் சேர்த்தால் இன்னும் கூடும். மீதியைப் பருப்பும் முட்டையும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கிண்ணம் முழுதும் 450 கலோரி போல வருவதால், இதைக் காலைச் சாப்பாடாகவே கணக்கு வையுங்கள். இட்லிக்கு மேலே இதையும் கொடுக்க வேண்டாம்.

குளிர்ந்த கிண்ணத்தில் வழித்து வைத்து, மேலே உடைத்த வறுகடலை தூவி உடனே கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. மகன் வர நேரமானால் குல்ஃபி அச்சில் ஊற்றிக் குச்சி செருகி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், சாயங்காலம் அப்படியே சாப்பிடட்டும்.