வில்கின்சனும் கணித அணிகளும் (மேட்ரிக்ஸ்): உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிரிட்டன் கணிதவியலாளர் ஜேம்ஸ் வில்கின்சன் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். கணினிப் பக்கம் எப்படி வந்தார்?

பதில்: இரண்டாம் உலகப் போர்தான் காரணம். பீரங்கி, வெடிபொருள் கணக்குகளில் சில வருடங்கள் போயின. 1946-இல் லண்டன் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பாதி நேரம் கணினி முன்னோடி ஆலன் டூரிங்கோடு, மீதி நேரம் மேசைக் கணக்குப் பொறிகளோடு. அந்த மீதி நேரம்தான் அவரை உருவாக்கியது என்பேன்.

கேள்வி: ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: அங்கே 18 சமன்பாடுகள் கொண்ட ஒரு தொகுப்பு வந்தது. சமன்பாடு ஒன்று கூடக்கூட, இலக்கங்களைச் சுருக்குவதால் வரும் பிழை நான்கு மடங்கு ஆகலாம் என்று 1943-இல் புள்ளியியலாளர் ஹோட்டலிங் எழுதியிருந்ததால், மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கித் தீர்க்கும் காஸ் நீக்கல் முறை தேறாது என்பதுதான் அன்றைய பொதுவான பயம். வில்கின்சன், டூரிங், ஆய்வகச் சகாக்களான ஃபாக்ஸ், குட்வின் நாலு பேரும் உட்கார்ந்து, சுமார் இரண்டு வாரம் கையால் போட்டுப் பார்த்தார்கள், விடையைச் சமன்பாடுகளில் திருப்பி வைத்தால் மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை! கோட்பாடு பயமுறுத்தியது, கணக்கு ஒழுங்காக நடந்தது. ஏன் என்று விளக்கத்தான் அவருடைய அடுத்த இருபது வருட உழைப்பு.

கேள்வி: பின்னோக்கிய பிழைப் பகுப்பாய்வு என்பது அதுதானா? எளிமையாகச் சொல்லுங்கள்.

பதில்: அதேதான். கிடைத்த விடை எவ்வளவு தவறு என்று கேட்பதற்கு முன்னால், இது எந்தக் கணக்குக்குச் சரியான விடை என்று கேளுங்கள். அந்தக் கணக்கு நீங்கள் கொடுத்ததிலிருந்து கடைசி இலக்க அளவுக்கே விலகியிருந்தால் முறையில் குறையில்லை. அப்படியும் விடை மோசமாக இருந்தால், சிறு மாற்றத்துக்கே விடை பெரிதாக மாறும் கணக்கு அது. அமெரிக்கக் கணிதவியலாளர் வாலஸ் கிவன்ஸிடமும் இந்த எண்ணம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு முறையாக எடுத்துச் சோதித்து முடித்தவர் வில்கின்சன். 1963, 1965-இல் வந்த இரண்டு நூல்களில் எல்லாம் இருக்கிறது. 1970-இல் கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது.

கேள்வி: கல்லூரியில் அணியின் ஐகன் மதிப்புக்கு (அணி ஒரு திசையனை அதே கோட்டில் வைத்தபடி எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்ணுக்கு) சிறப்புச் சமன்பாடு எழுதித் தீர்க்கிறோம். கணினியும் அப்படித்தானா?

பதில்: இல்லை, பெரிய அணிக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். சிறப்புச் சமன்பாடு ஒரு பல்லுறுப்புக் கோவை, அதன் கெழுவில் சிறு பிழை வந்தாலே மூலங்கள் வெகுவாக நகரலாம். 1 முதல் 20 வரை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவையை எடுத்து, எக்ஸ் அடுக்கு 19-இன் கெழுவான -210-இலிருந்து ஏறத்தாழ 0.00000012 கழியுங்கள். பத்து மூலங்கள் கலப்பெண்களாகிவிடும். 16, 17 இருந்த இடத்தில் கற்பனைப் பகுதி 2.8 கொண்ட ஒரு சோடி நிற்கும். இதைப் பார்த்து வில்கின்சனே அதிர்ந்துபோனார். இன்று மென்பொருள்கள் அணியை நேரடியாகவே கையாளும் க்யூஆர் முறையைத்தான் பயன்படுத்துகின்றன, 1961 வாக்கில் லண்டனில் ஜான் ஃபிரான்சிஸும் லெனின்கிராடில் வேரா குப்லனோவ்ஸ்காயாவும் தனித்தனியே கண்டது. மேட்லாப் என்ற கணித மென்பொருளில் பல்லுறுப்புக் கோவையின் மூலம் கேட்டால்கூட, அது அதை ஓர் அணியாக மாற்றி ஐகன் மதிப்பைத்தான் கண்டுபிடித்துத் தருகிறது.