எல்1 எலும்பு நொறுங்கி கால் அசையல, ஆபரேஷன் பண்ணா தம்பி நடப்பானா?

கேள்வி கேட்டவரோட தம்பிக்கு 26 வயசாம். தென்னை மரத்துல இருந்து விழுந்து எல்1 எலும்பு, அதாவது இடுப்புப் பக்க முதுகெலும்புல முதல் எலும்பு, நொறுங்கி ரெண்டு காலும் அசையலயாம், டாக்டர் சீக்கிரம் ஸ்க்ரூ போடணும்ங்கறாராம், வீட்டுப் பெரியவங்க "தண்டுவடத்துல கத்தி பட்டா இருக்கறதும் போயிரும்"னு தடுக்கறாங்களாம்.

நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். போன தடவை ஒரு பதில் எழுதுனதுக்கு ஒருத்தர் வந்து "நீங்க என்ன எம்எஸ் ஆர்த்தோவா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. இல்லங்க. 2016ல ஒரு வீட்டு மாடியில டிஷ் மாட்டப் போயி, கைப்பிடிச் சுவர்ல ஏறி நின்னு நட்டு முறுக்கிட்டு இருந்தப்ப ஸ்பேனர் வழுக்கி, உக்காந்த வாக்குல கீழ விழுந்தவன். எனக்கும் அதே எல்1 தான். உங்க கேள்வி கண்ணுல பட்டதும் சாப்பிட்டுட்டு இருந்த கையக் கழுவிட்டு வந்துட்டேன்.

உங்க தம்பிய எப்படித் தூக்கிட்டுப் போனாங்கன்னு தெரியல. என்னைய ரெண்டு பேரு கக்கத்துல கை குடுத்துத் தூக்கி உக்கார வச்சு, சோடா உடைச்சுக் குடுத்து, ஆட்டோ பின் சீட்டுல மடக்கிப் போட்டு கொண்டு போனாங்க. பாசத்துல பண்ணதுதான், யாரையும் குறை சொல்லல. ஆனா உடைஞ்ச முதுகெலும்பை மடக்கக் கூடாது, ஒரு பலகையில இல்ல கதவுல மரக்கட்டைய உருட்டுற மாதிரி ஒரே வாக்குல திருப்பிப் படுக்க வச்சுத்தான் தூக்கணும், 108க்கு போன் பண்ணிட்டு அதுவரைக்கும் தொடாம இருந்தாலே போதும்னு அப்புறமா பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையில ஏறி இறங்குனப்பவும் இடுப்புக்குள்ள கண்ணாடி அரையுற மாதிரி இருந்துச்சு. ஒரு கட்டத்துல வலி நின்னு போச்சு, நான் நல்லதுன்னு நினைச்சேன்.

முதல்ல போன நர்சிங் ஹோம்ல எக்ஸ்ரே எடுத்துட்டு, ஒரு ஊசி போட்டு, "நாளைக்கு பெரிய டாக்டர் வருவாரு"ன்னு ராத்திரி முழுக்கப் படுக்க வச்சுட்டாங்க. இதுக்குள்ள எங்க பெரிய மாமா வந்து, எலும்பு கட்டுற வைத்தியர்கிட்ட போலாம், ஆபரேஷன் பண்ணா கால் சுத்தமா போயிரும், அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சுன்னு ஒரே சத்தம். அம்மா அழுதுகிட்டே இருக்காங்க. கடைசில மறுநாள் மத்தியானம் என் மச்சான் ஒருத்தன் யாரையும் கேக்காம ஆம்புலன்ஸ் பிடிச்சு மதுரைக்கு கொண்டு போயிட்டான். அதுக்காக மாமா இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல.

மதுரையில எம்ஆர்ஐ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து குண்டூசியால தொடை, முழங்கால், பாதம்னு குத்திக் குத்தி "கூர்மையா தெரியுதா, மொண்ணையா தெரியுதா"ன்னு கேட்டாரு. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, க்ளவுஸ் போட்டு, ஆசனவாய்ல விரல விட்டு "இறுக்கிப் பிடிங்க"ன்னாரு. அம்மா அங்கயே நிக்கறாங்க. எனக்கு வந்த கோவத்துல கண்டபடி கத்திட்டேன். விழுந்தது இடுப்பு, இவன் எங்க பாக்கறான்னு. அவரு ஒண்ணும் சொல்லல, கைய எடுத்துட்டு என் காதுகிட்ட வந்து "அண்ணே, லேசா இறுக்குனீங்க. குத்துனதும் தெரிஞ்சுச்சுல்ல, அது போதும்"னாரு.

அந்த "அது போதும்" எனக்கு அப்பப் புரியல. தண்டுவடத்தோட கடைசி நரம்பு அந்த இடத்துக்குத்தான் போகுது. அங்க உணர்ச்சியோ இறுக்கமோ துளி மிச்சம் இருந்தா நரம்பு முழுசா அறுந்து போகலன்னு அர்த்தம். இதை வச்சுத்தான் ஏ, பி, சி, டி, இன்னு கிரேடு போடுவாங்க. ஏ-ன்னா அடிபட்ட இடத்துக்குக் கீழ, ஆசனவாய் உட்பட, ஒண்ணுமே இல்ல. இ-ன்னா நார்மல். எனக்கு சி போட்டாங்க. உங்க தம்பி ஃபைல்ல இந்த எழுத்து கண்டிப்பா இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. "நடப்பானா"ன்னு நீங்க கேக்கற கேள்விக்கு ஸ்க்ரூவ விட அந்த எழுத்துலதான் பாதி பதில் இருக்கு.

இனி ஆபரேஷனுக்கு வரேன். எல்1 மாதிரி எலும்பு மேல இருந்து வர்ற அழுத்தத்துல நொறுங்குறப்ப, அதுல ஒரு துண்டு பின்னாடி தள்ளி நரம்பு போற குழாய்க்குள்ள போயி உக்காந்துக்கும். என் ஸ்கேன்ல அந்தக் குழாய் பாதிக்கு மேல அடைபட்டுக் கிடந்துச்சு. குப்புறப் படுக்க வச்சு முதுகுல கோடு போட்டுத் திறந்து, பின்னாடி ஓடு மாதிரி மூடியிருக்கற எலும்பை எடுத்து, துண்டை முன்னாடி தள்ளி நரம்புக்கு இடம் விட்டு, மேல் எலும்பு கீழ் எலும்பு உடைஞ்ச எலும்புன்னு மூணுலயும் ரெண்டு ரெண்டா ஆறு டைட்டானியம் ஸ்க்ரூ போட்டு, ரெண்டு பக்கமும் கம்பி வச்சு முறுக்கிட்டாங்க. நாலு மணி நேரம். டிஷ் மாட்டுறவன் முதுகுலயே நட்டு முறுக்கிட்டாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் இப்பவும் கிண்டல் பண்ணுவானுங்க.

சர்ஜன் கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடியே தெளிவா சொல்லிட்டாரு: "நான் எலும்பைத்தான் சரி பண்றேன். நரம்பை ஒட்டவைக்கற வித்தை எனக்கும் தெரியாது, உலகத்துல யாருக்கும் தெரியாது. அமுக்கிட்டு இருக்கறத எடுத்து விடறேன், மீதி அது பாடு." விழுந்த நொடியில நரம்புக்கு என்ன ஆச்சோ அதுதான் பெரும்பங்கு, நாம பண்றது மேற்கொண்டு கெடாம பாத்துக்கறது. முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள அழுத்தத்தை எடுத்துடணும்னு இப்ப பெரும்பாலான டாக்டர்ங்க சொல்றாங்க. எனக்கு 30 மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. அந்த ஒரு ராத்திரிய நினைச்சு நினைச்சு எத்தன ராத்திரி தூங்காம கிடந்திருக்கேன் தெரியுமா. சீக்கிரம் பண்ணிருந்தா மாறியிருக்குமான்னு சர்ஜன்கிட்ட கேட்டேன், "அதை யாராலயும் சொல்ல முடியாது"ன்னுட்டாரு. அந்தப் பதில்தான் இன்னும் வலிக்குது.

உடனே "எல்லா முதுகு உடைப்புக்கும் ஆபரேஷன் தேவையில்லையே"ன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஆமாங்க, தேவையில்ல. நரம்பு பாதிக்காம, பின்பக்க லிகமென்ட் (எலும்புகளைச் சேத்துப் பிடிக்கற நார்) கிழியாம இருந்தா வெறும் பெல்ட் போட்டே நிறையப் பேருக்கு எலும்பு கூடிருது. நான் கால் அசையாத கேஸ பத்திப் பேசறேன். கால் முழுசா போயி, திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு தெரிஞ்ச பையனுக்குக்கூட ஸ்க்ரூ போடறாங்கன்னா, அது அவன் ரெண்டு நாள்ல எந்திரிச்சு உக்காரணும்ங்கறதுக்காக. இல்லன்னா எலும்பு கூடற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் அசையாமப் படுத்துக் கிடக்கணும், புண்ணு, சளி, கால்ல ரத்தம் உறையறதுன்னு எல்லாம் வரிசையா வரும்.

பெரியவங்க பயத்தையும் நான் முழுசா தள்ளிற மாட்டேன். பாராலிம்பிக்ஸுக்கு வித்திட்ட லுட்விக் குட்மன்னு ஒரு டாக்டர், 1944ல இருந்து இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில்ங்கற இடத்துல தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்ங்களுக்கு வைத்தியம் பாத்தவரு, அவரே ஆபரேஷன் வேண்டாம்னு சொன்ன ஆளுதான். தலகாணி அண்டக் குடுத்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் போட்டே பாத்தாரு. ஆனா அப்ப இந்த ஸ்க்ரூவும் கம்பியும் புழக்கத்துல இல்ல, பின்னாடி மூடியிருக்கற எலும்பை மட்டும் எடுத்துட்டு விட்டுருவாங்க, முதுகெலும்பு இன்னும் ஆட்டம் கண்டு இருக்கறதும் போயிரும். மாமா சொன்ன கதை அந்தக் காலத்துல இருந்து வந்ததா இருக்கலாம். இப்பவும் ரிஸ்க் இல்லாம இல்ல, கிருமி தொத்தலாம், ஸ்க்ரூ தடம் மாறலாம், ஆயிரத்தெட்டு இருக்கு, எல்லாத்தையும் கேட்டுட்டே கையெழுத்து போடுங்க.

எல்1ல ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. தண்டுவடம் அந்த இடத்தை ஒட்டித்தான், எல்1, எல்2 பக்கம் முடியுது, அதுக்குக் கீழ குதிரை வால் மாதிரி தனித்தனி நரம்பாத்தான் தொங்குது. வால் நரம்பு தண்டை விட அடி தாங்கும், திரும்ப வளரவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. ஆனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல. எனக்கு அஞ்சாவது வாரம் வலது தொடை இழுத்துச்சு, நாலாவது மாசம் முழங்கால் நீட்டுனேன். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் பெருசா ஒண்ணும் வரல. கணுக்கால் ரெண்டும் வரவே இல்ல, இப்ப ஷூவுக்குள்ள பிளாஸ்டிக் பட்டை மாட்டி, ஒரு கைத்தடி வச்சு கடை வரைக்கும் நடப்பேன், தூரம்னா வீல்சேர்.

வீட்டுக்கு வந்த அத்தன பேரும் கேட்டது "எப்ப நடப்ப"ன்னுதான். ஒருத்தர்கூட "ஒண்ணுக்கு எப்படிப் போற"ன்னு கேக்கல. உங்ககிட்ட நான் கேக்கறேன், தம்பிக்கு யூரின் எப்படி? பை மாட்டியிருப்பாங்க. அது காலம்பூரா இருக்கக் கூடாது, கிருமி ஏறிட்டே இருக்கும். நாலு மணி நேரம், ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க சுத்தமா கை கழுவிட்டு அவனே சின்ன ட்யூப் விட்டு எடுத்துட்டு உருவிடணும், ஒரு தடவைக்கு அரை லிட்டர் தாண்டக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடியே நர்ஸ்கிட்ட இதைக் கத்துக் குடுக்கச் சொல்லி அடம் பிடிங்க. எனக்கு யாரும் கத்துக் குடுக்கல, பையோட அனுப்பிட்டாங்க, மூணு தடவை குளிர் காய்ச்சல் வந்து நாலாவது தடவை கிட்னி வரைக்கும் போயி அட்மிட் ஆனேன். முதல் தடவை நானே ட்யூப் விட்டப்ப கை நடுங்குன நடுக்கம் இருக்கே, மாடியில இருந்து விழுந்தப்பகூட அப்படி நடுங்கல. இதையெல்லாம் பழக்கறதுக்குன்னே இடம் இருக்கு. 1954ல கார் விபத்துல தண்டுவடம் அடிபட்ட வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் பண்ணவங்க, அவங்க முன்ன நின்னுதான் 1966ல அங்க மறுவாழ்வு நிலையமே வந்துச்சு. தென்காசி பக்கம் ஆய்க்குடியில இதே மாதிரி மறுவாழ்வுப் பயிற்சி குடுக்கற அமர் சேவா சங்கம் இருக்கு. நான் யாருக்கும் விளம்பரம் பண்ணல, ஆபரேஷனுக்குக் கடன் வாங்கற வேகத்துல பாதியாவது இப்படி ஒரு இடத்துல பழக்கறதுக்குக் காட்டுங்கன்னு சொல்றேன்.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். எனக்கு வால் எலும்பு மேல ஒத்த ரூபா அளவு செவந்துச்சு, வலிக்காதுல்ல, தெரியல. ஆறுறதுக்கு ரெண்டரை மாசம். தினமும் கண்ணாடி வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

ஆறு மாசம் கழிச்சு "ஸ்டெம் செல் போட்டா நடந்துரலாம்"னு ஒருத்தன் கண்டிப்பா போன் பண்ணுவான். எனக்கும் பண்ணாங்க, நாலு லட்சம். அம்மா தாலிச் செயின கழட்டி வச்சுட்டாங்க. தண்டுவடத்துக்கு அது அங்கீகாரமான வைத்தியமே இல்ல, ட்ரையலா பண்ணா நோயாளிகிட்ட காசே வாங்கக் கூடாதுன்னு ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்லயே இருக்கு. அதைச் சொன்னதும் போனை வச்சுட்டான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. இந்தக் கல்யாண மண்டபம் கட்டறவங்க எல்லாரும் சாப்பாட்டு ஹால ஏன்யா மாடியிலயோ பாதாளத்துலயோ கட்டறீங்க? போன மாசம் சித்தி மக கல்யாணம், இருபத்தி மூணு படி. நாலு பேரு நாற்காலியோட என்னைத் தூக்கிட்டுப் போறாங்க, வீடியோக்காரன் லைட்டைத் திருப்பி எம்மேல அடிக்கறான். பந்தியில உக்காந்து பாயசம் வந்தப்ப எதிர்ல யாரு தெரியுமா, அதே பெரிய மாமா. "அன்னைக்கே கட்டு கட்டிருந்தா இன்னேரம் ஓடிருப்பான்"னு பக்கத்துல இருக்கறவர்கிட்ட சொல்றாரு. நான் அப்பளத்தை நொறுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்.

சரி, உங்க விஷயம். கிரேடு என்ன எழுத்து, விழுந்து எத்தன மணி நேரம் ஆச்சு, ஆசனவாய்கிட்ட தொட்டா தெரியுதா, இந்த மூணையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு கமெண்ட்ல போடுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ஆனா என் பதிலுக்காகக் காத்திருந்து கையெழுத்தைத் தள்ளிப் போடாதீங்க. மணி பத்தரை ஆச்சு, எனக்கு ட்யூப் போடற நேரம், போயிட்டு வந்து பாக்கறேன்.