‘கூலி வேலை’ என்று எழுதாதீர்கள்: கல்நார் நோய் கேள்வி-பதில்

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் 14 வருடமாகக் குடியிருக்கிறோம். எல்லோரும் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: வேண்டாம். ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுமார் 10 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் சிமென்ட். ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரல் தழும்பேறும் நோய்; வேலையிடத்தில் வருடக்கணக்காகக் கல்நார் தூசியை இழுத்தவர்களுக்கு வருவது. கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கியதால் வருவதில்லை. மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மட்டும் வேறு கணக்கு. அதற்குக் குறைந்த அளவு தூசியே போதும். அதனால் ஷீட்டில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டாதீர்கள். தூள் உதிர்ந்தால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டிப் போடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ப்ளூரல் ப்ளாக்’ என்று இருக்கிறது. புற்றுநோயா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது. கல்நார் தூசி உள்ளே போயிருக்கிறது என்பதற்கு நுரையீரல் உறையில் விழுந்த தழும்பு அது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. இரண்டு வருடமாக மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல். எக்ஸ்-ரேயில் நிழல் இருக்கிறது என்று ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. மறுபடியும் டி.பி. மாத்திரையே தொடங்கச் சொல்கிறார்கள். அவர் கூலி வேலை பார்த்தவர். (வாசகர், விழுப்புரம்)

பதில்: என்ன கூலி வேலை? நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மாத்திரையின் நிறம்கூட இருக்கிறது, அவர் 30 வருடம் எதைச் சுமந்தார், எதை அறுத்தார் என்பது மட்டும் இல்லை. ஓ.பி. சீட்டிலும் ‘கூலி’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். கேட்க வேண்டிய டாக்டர் கேட்பதில்லை, சொல்ல வேண்டிய குடும்பம் சொல்வதில்லை. இப்படித்தான் கல்நார் நோயாளிகள் டி.பி. கணக்கில் சேர்கிறார்கள்.

பாய்லர் குழாய்களுக்கு லேக்கிங் (வெப்பம் வெளியேறாமல் காக்கும் உறை) சுற்றினாரா, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வெட்டினாரா, சிமென்ட் ஷீட் அல்லது பைப் ஆலையில் சாக்குப் பையைக் கிழித்துக் கொட்டினாரா, கப்பல் உடைத்தாரா, பிரேக் லைனிங் தேய்த்தாரா என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைசி வேலையை மட்டும் எழுதிப் பயனில்லை. தூசி போன பிறகு 20, 30 வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். இடையில் அவர் வாட்ச்மேனாகக்கூட இருந்திருக்கலாம்.

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. டி.பி. பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியைப் பிடிக்கும், ஆஸ்பெஸ்டோசிஸ் அடிப்பகுதியை. முதுகின் கீழ்ப்புறம் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், மூச்சை இழுக்கும்போது செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும். சிலருக்கு விரல் நுனி தடித்திருக்கும். ஸ்பைரோமெட்ரியில் (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) எஃப்.வி.சி., அதாவது முழுதாக ஊதும் காற்றின் அளவு, குறைந்திருக்கும்; அதில் முதல் நொடியில் வெளியேறும் பங்கின் விகிதம் சரியாக இருக்கும். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ.வும் கேட்டு எடுங்கள். பலருக்கு முதலில் குறைவது அதுதான். ஹெச்.ஆர்.சி.டி.யில் (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன்) குப்புறப் படுக்கவைத்தும் படம் எடுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் நல்ல நுரையீரலிலும் முதுகுப்புறம் நிழல் தெரியும், ரிப்போர்ட் குழம்பும்.

சளியில் சிபிநாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனை செய்தார்களா? கிருமி இருக்கிறதென்று வந்திருந்தால் அது டி.பி.தான், சிகிச்சை தேவை; இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் சளியைப் பார்க்காமல் எக்ஸ்-ரே நிழலை மட்டும் வைத்து இரண்டாம் முறை தொடங்குவதற்கு முன், எழுதிய தாளோடு ஒரு நுரையீரல் நிபுணரிடம் போங்கள். அந்த மாத்திரைகள் கல்லீரலையும் கண் பார்வையையும் கெடுக்கக் கூடியவை. காரணமில்லாமல் விழுங்க வேண்டியவை அல்ல.

கேள்வி: நஷ்டஈடு கிடைக்குமா? ஆலை மூடிவிட்டது. (வாசகர், கோவை)

பதில்: வழி இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923), இ.எஸ்.ஐ. சட்டம் (1948) இரண்டிலும் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருந்தது; 2025 நவம்பரில் அவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் (2020) உள்ளது. இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் அங்கேயே கேட்க வேண்டும். இழப்பீட்டு அதிகாரியிடம் போகிறவருக்கு 2 வருடக் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் கேளுங்கள். பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பழைய சம்பளச் சீட்டு ஒன்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இன்ஹேலர், ஸ்டீராய்டு எதுவும் வேலை செய்யவில்லை. வேறு மருந்து? (வாசகர், மதுரை)

பதில்: இன்ஹேலர் ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நோய்) கூட இருந்தால்தான் உதவும். ஆஸ்பெஸ்டோசிஸ் தழும்பை ஸ்டீராய்டு கரைப்பதில்லை. தழும்பு கூடிக்கொண்டே போகிறவர்களுக்கு நின்டெடானிப் என்ற மாத்திரை அந்த வேகத்தைக் குறைக்கலாம். போன நுரையீரலைத் திருப்பித் தராது. வயிற்றுப்போக்கு வரும், கல்லீரல் சோதனை அவ்வப்போது வேண்டும். ஃப்ளூ ஊசி வருடந்தோறும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி டாக்டர் சொல்லும் கணக்கில்.

கேள்வி: ஆக்சிமீட்டரில் 93 காட்டுகிறது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷின் வாங்கிவிட்டோம். எவ்வளவு நேரம் வைப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். 93 உட்கார்ந்தபோதா, நடந்த பிறகா? விரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்ததா? கை சில்லென்று இருந்ததா? ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே நிலையாக இருந்தால்தான் நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன். ஆறு நிமிட நடைச் சோதனை செய்து, எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்குங்கள். மெஷின் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், அடுப்பு எதுவும் கூடாது. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஐந்து பீடிதான். அதுவும் கெடுதலா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆம். கல்நார் தனியாக நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பை ஏறக்குறைய 5 மடங்கு ஆக்கும், புகை 10 மடங்கு. சேர்ந்தால் 15 அல்ல, 50. நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய ஷீட்டை எடுக்கப்போகிறோம். மேஸ்திரி உடைத்துத் தள்ளிவிடலாம் என்கிறார். (வாசகர், வேலூர்)

பதில்: உடைக்க விடாதீர்கள். சோப்பு கலந்த தண்ணீரை நன்றாகத் தெளித்து, ஜே போல்ட் நட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகக் கைமாற்றி இறக்க வேண்டும். நட்டு துருப்பிடித்திருந்தால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை அல்ல. ஷீட்டின் மேல் மிதிக்கக் கூடாது. பலகை போட்டு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் உள்ளே விழுவார். சாதாரண என்95 போதாது, பி100 ஃபில்டர் வைத்த முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. கெட்டி பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கே போடுவது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மாட்டுக்கொட்டகைக்கும் தரை நிரப்பவும் கொடுக்காதீர்கள். மிச்சத் தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.

கேள்வி: ஆஸ்பெஸ்டோசிஸ் உள்ள கணவருக்கு குளித்தாலே, சாப்பிட்டாலே மூச்சு வாங்குகிறது. (வாசகி, கடலூர்)

பதில்: குளியலறையில் ஸ்டூல் போடுங்கள், உட்கார்ந்து குளிக்கட்டும். துவட்ட நேரமெடுக்காமல் பெரிய துண்டைப் போர்த்திக்கொள்ளலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாக்குங்கள். மூச்சு வாங்கும்போது மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். படி ஏறும்போது, காலை மேலே வைக்கும் நேரத்தில் மூச்சை விட வேண்டும்.