வாசகர் கேள்விகள்: மட்டையைச் சுழற்றுவதற்கு முன்பு

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு நண்பர்களின் தூண்டுதலால் கோல்ஃப் பயிற்சியில் சேர்ந்தேன். ஒரு மாதம் ஆகப்போகிறது. மட்டையைப் பிடிப்பது, நிற்பது, இடுப்பு உயரம் வரை அரைச் சுழற்சி, இதைத் தாண்டிப் பயிற்சியாளர் விடவே மாட்டேன் என்கிறார். கட்டணம் வீணாகிறதோ என்று வீட்டில் கேட்கிறார்கள்; எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. (அருவங்காடு வாசகர்)

பதில்: வீணாகவில்லை. உங்களுக்குக் கிடைத்திருப்பவர் நல்ல பயிற்சியாளர் என்றே தோன்றுகிறது.

மட்டையின் முகம் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டை முகம் பார்க்கும் திசையே தீர்மானிக்கிறது. முகம் ஐந்து பாகை வலப்புறம் திறந்திருந்தால் 200 கஜத் தொலைவில் பந்து பதினேழு கஜம் விலகி விழும், காற்றில் அது வளையும் வளைவு தனிக் கணக்கு. முகம் ஏன் திறக்கிறது என்று தேடிப் போனால், பத்துக்கு ஏழெட்டுப் பேரிடம் காரணம் கைப்பிடியில்தான் இருக்கும். பந்து வலப்புறம் போவதைக் கண்ட புதியவர், தானாகவே உடலை இடப்புறம் திருப்பி நின்று, மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்து அடிக்கத் தொடங்குகிறார். அதனால் வளைவு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அவர் இன்னும் இடப்புறம் திரும்புகிறார். இப்படி ஒரு பிழையை மறைக்க இன்னொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனவர்களைத் திருத்துவதைவிட, மட்டையையே தொடாதவருக்குக் கற்றுக்கொடுப்பது எளிது.

வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மட்டையின் பிடி, இடக்கை விரல்களின் அடிப்பகுதியில் சாய்வாகப் படிய வேண்டும். உள்ளங்கையின் நடுவில் படியக் கூடாது. குனிந்து பார்த்தால் இடக்கை விரல் கணுக்களில் இரண்டு தெரிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்து மடிப்பு வலத் தோளை நோக்கி இருக்க வேண்டும். உங்கள் கையுறையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டில் தோல் தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால், பிடி உள்ளங்கைக்குள் போய்விட்டது, ஒவ்வோர் அடிக்கும் மட்டை அங்கே உராய்கிறது என்று பொருள்.

வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை விரல்களின் மேல் வைப்பது, பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனின் பெயரால் அறியப்படும் பிடி. ஜாக் நிக்லாஸும் டைகர் வுட்ஸும் விரல்களைப் பின்னிப் பிடித்தவர்கள். எது வசதியோ அது போதும். இதைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். ஆனால் இறுக்கிப் பிடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மார்கழிக் குளிரில் காலை ஏழு மணிக்கு மட்டையை எடுப்பவருக்குக் கை தானாகவே இறுகும், அந்த இறுக்கம் முன்கை வழியாகத் தோள் வரை ஏறும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல எதிரே ஒருவர் வேண்டும்.

அரைச் சுழற்சிக்கும் காரணம் உண்டு. அயர்ன் எனப்படும் இரும்புத் தலை மட்டை முதலில் பந்தையும் அதன் பிறகே புல்லையும் தொட வேண்டும். புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்துக்கு அப்பால் தொடங்கினால் சரி, பந்துக்குப் பின்னாலேயே தொடங்கினால் தவறு. இதை இடுப்பு உயரச் சுழற்சியில் பழகாதவருக்கு முழுச் சுழற்சியில் அது கைகூடுவது தற்செயலாகத்தான் இருக்கும். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருங்கள். வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடியாக இருந்து வளர்ந்தவர் என்று படித்தேன். கைப்பேசியில் எத்தனையோ பயிற்சிக் காணொளிகள் இருக்க, பயிற்சியாளர் எதற்கு? (குன்னூர் வாசகர்)

பதில்: 1991-இல் அவர் வென்றது உண்மை. ஆனால் கேடியாக இருப்பவர் பயிற்சி இல்லாமல் வளர்ந்தவர் என்பதை நான் ஏற்கமாட்டேன். நல்ல ஆட்டம், மோசமான ஆட்டம் இரண்டையும் நாள் முழுவதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும், பந்து எங்கே விழுந்தது, ஏன் அங்கே விழுந்தது என்று யோசிப்பதுமே அவருடைய வேலை. பயிற்சியாளரின் கண்ணும் அப்படித்தான் பழகுகிறது. காணொளி பிறர் ஆடுவதைக் காட்டும். நீங்கள் ஆடுவதை அது பார்க்காது. நேராக நிற்பதாக நினைக்கும் ஒருவரின் பாதங்களை ஒட்டித் தரையில் ஒரு கோலை வைத்துவிட்டு, விலகி வந்து பார்க்கச் சொல்லுங்கள். கோல் இலக்குக்கு வெகுதூரம் வலப்புறம் காட்டுவதைப் பார்த்து அவரே நம்பமாட்டார். கைப்பேசியை உங்களைப் படம்பிடிக்கப் பயன்படுத்துங்கள், பயன் உண்டு.

கேள்வி: பயிற்சி விரிப்பில் நன்றாக அடிக்கிறேன். மைதானத்தில் இறங்கினால் பந்து ஒருமுறை இடப்புறமும் ஒருமுறை வலப்புறமும் ஓடுகிறது. என் சுழற்சியில் என்ன கோளாறு? (கொடைக்கானல் வாசகி)

பதில்: கோளாறு உங்கள் சுழற்சியில் இல்லாமல் தரையில் இருக்கலாம். 1895-இல் தொடங்கிய உங்கள் ஊர் மைதானத்தில் சமதளம் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரிப்போ எப்போதும் சமமாகவே இருக்கும். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் மட்டை முகம் இடப்புறம் சாயும். பந்தும் இடப்புறமே போகும். அப்போது பிடியைச் சற்றுக் கீழே இறக்கி, நிமிர்ந்து நின்று, இலக்குக்குச் சிறிது வலப்புறம் குறிவையுங்கள். பந்து பாதத்துக்குக் கீழே இருந்தால் எல்லாம் நேர்மாறு. அங்கே முழங்காலை நன்றாக மடக்கி, அடித்து முடிக்கும்வரை எழாமல் இருப்பதுதான் கடினம். ஏற்றத்தில் பந்து உயரே எழுந்து முன்கூட்டியே விழும் என்பதால் கூடுதல் தூரம் போகும், ஓர் எண் குறைவான மட்டையை எடுங்கள். இறக்கத்தில் தாழப் பறந்து, விழுந்தபின் அதிகம் உருளும். இரண்டிலும் தோள்கள் சரிவுக்கு இணையாக இருக்க வேண்டும். வகுப்பின் பாதி நேரத்தையாவது சரிவில் நடத்தும்படி உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள். மலையில் கற்பவருக்கு இதுவும் அடிப்படைதான்.

இன்னொன்று. பந்துக்கு அருகே காட்டெருமை நின்றால் அங்கே போய் ஆட வேண்டியதில்லை. ஆபத்தான விலங்கு அருகில் இருக்கும்போது, அபராதம் இல்லாமல் பந்தை வேறிடத்தில் வைத்து ஆட விதி 16.2 அனுமதிக்கிறது.

கேள்வி: ஊட்டியில் 150 கஜம் போகும் என் ஏழாம் எண் அயர்ன், சென்னை கிண்டியில் 140-ஐக்கூடத் தொடவில்லை. வயதாகிவிட்டதா? (உதகை வாசகர்)

பதில்: ஒரே மாதத்தில் யாருக்கும் அவ்வளவு வயதாவதில்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். எதிர்ப்புக் குறைவதால் பந்து எட்டு முதல் பத்து விழுக்காடு வரை கூடுதலாகப் பறக்கும். நீங்கள் சொல்லும் வேறுபாடும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்குகிறது. மெல்லிய காற்றில் பந்து வளைவதும் குறைவு. அதனால் மலையில் சிறிதாகத் தெரியும் பிழை கிண்டியில் பெரிதாகத் தெரியும். சமவெளிக்குப் போகும்போது கூடுதல் தூரம் போகும், ஓர் எண் குறைவான மட்டையை எடுத்து ஆடுங்கள். தூரம் குறைகிறதே என்று பலத்தைக் கூட்டினால் பிடி இறுகும்.