1,200 டொலர் கட்டி போர்க்லிப்ட் கார்ட் எடுக்கலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் ஏஜென்சி மூலம் வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறேன். மணிக்கு 17.60 டொலர். போர்க்லிப்ட் ஓட்டினால் சம்பளம் கூடும் என்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் ஐந்து மெஷினுக்கும் சேர்த்து 'லைசென்ஸ்' தர 1,200 டொலர் கேட்கிறார்கள். கழிவு கூடப் போனாலும் பரவாயில்லை என்று ஏலச் சீட்டை எடுத்துக் கட்டட்டுமா?

பதில்: போர்க்லிப்ட் பழகுவது நல்ல யோசனை, கைவிடாதீர்கள். சீட்டை மட்டும் எடுக்க வேண்டாம்.

கார் லைசென்ஸ் போல அரசாங்கம் தரும் போர்க்லிப்ட் லைசென்ஸ் ஒன்ராறியோவில் கிடையாது. தகுதியுள்ளவர்தான் மெஷினை ஓட்ட வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. அதனால் எங்கே கார்ட், அதாவது பயிற்சி முடித்த அத்தாட்சி, எடுத்தாலும், புது இடத்தில் அவர்களுடைய மெஷினில் உங்களை ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

என்னிடம் வரிக் கணக்குக்கு வரும் ஒருவர் ஆன்லைனிலேயே கார்ட் எடுத்தார். முதல் நாள் ரீச் ட்ரக்கை (உயரமான ராக்கில் ஏற்றி இறக்கும் போர்க்லிப்ட்) காட்டி, நாலாம் தட்டிலிருந்து ஒரு பேலட்டை (பெட்டிகள் அடுக்கிய பலகைத் தட்டு) இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி ஃபோர்க்கை நேராக உள்ளே விடவே அவரால் முடியவில்லை. அன்றே பாக்கிங்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

ஆகவே முதலில் உங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஓட்டுநராகப் போடுவதற்காக அவர்களே பயிற்சிக்கு அனுப்பினால், அந்த நேரமும் வேலை நேரம்தான். சம்பளம் தர வேண்டும். வேலைக்கு அனுப்ப ஏஜென்சி உங்களிடம் காசு வாங்குவதும் ஒன்ராறியோவில் சட்டவிரோதம்.

அங்கே வழியில்லை என்றால், உங்கள் வேர்ஹவுஸில் என்ன மெஷின் ஓடுகிறது என்று பாருங்கள். உயரமான ராக் என்றால் ரீச் ட்ரக், லொறியில் ஏற்றி இறக்குவது என்றால் கவுண்டர்பேலன்ஸ். அந்த ஒன்றுக்கு மட்டும், நேரில் ஓட்டிப் பழகும் வகுப்புக்குப் போங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், நான் எத்தனை மணி நேரம் ஓட்டுவேன் என்று கேட்ட பிறகே காசைக் கட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 2 டொலர் கூடினால், 40 மணி நேர வாரத்துக்கு, வரிக்கு முன், 80 டொலர். 1,200 டொலர் திரும்பி வர 15 வாரம். ஒரு மெஷினுக்கு மட்டுமான வகுப்பு 300 டொலர் என்றால் நாலு வாரம் போதும், அப்புறம் வருவதெல்லாம் உங்களுக்கு. 300 டொலருக்குச் சீட்டு தேவையில்லை. சம்பளத்தில் வாரம் 50 டொலர் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் கையில் இருக்கும்.